பழைய டேப் ரெக்கார்டர், ஆம்ப்ளிபயருக்கு உதிரிபாகம் தேடிப் பிடிப்பது: முழுமையான வழிகாட்டி

பரணில் கிடந்த டூ-இன்-ஒன்னை (ரேடியோவும் டேப்பும் சேர்ந்த செட்டு) இறக்கித் துடைத்து, கேசட் போட்டுப் பார்த்தால் சுற்றாது. அடுத்து எல்லோரும் செய்வது ஒன்றுதான்: செட்டைப் பையில் போட்டுக்கொண்டு கடைத்தெருவுக்குப் போய், "இதுக்கு பார்ட்ஸ் கிடைக்குமா?" என்று கேட்பது. கடைக்காரர் பையைத் திறந்துகூடப் பார்க்காமல், "வர்றதில்லை சார்" என்று சொல்லிவிடுவார்.

அவர் சொல்வதிலும் தப்பில்லை. அந்தக் கம்பெனி செட்டு செய்வதையே நிறுத்தியிருக்கும். ஆனால் உள்ளே இருக்கும் பெல்ட்டும் மோட்டாரும் ஐ.சி. எனும் சிப்பும் பத்துக் கம்பெனிகள் பொதுவாகப் போட்டவை. செட்டின் பெயரைச் சொல்லிக் கேட்டால் எதுவும் கிடைக்காது. பார்ட்டின் நம்பரையும் அளவையும் சொல்லிக் கேட்டால் பாதிக்கு மேல் கிடைத்துவிடும். ஆகவே தேடல் தொடங்க வேண்டிய இடம் வீட்டு மேஜை. கடைக்குப் போவது கிட்டத்தட்ட கடைசி வேலை.

எண்பது, தொண்ணூறுகளின் டேப் ரெக்கார்டர், ரேடியோ, ஆம்ப்ளிபயர், சிடி பிளேயர் ஆகியவற்றை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். பிக்சர் டியூப் டிவியை இதில் சேர்க்கவில்லை. கரண்டை நிறுத்திய பிறகும் அந்த டியூபில் ஆயிரக்கணக்கான வோல்ட் தேங்கி நிற்கும் என்பதால், புதியவர்கள் அதன் பின்மூடியைத் திறக்கவே வேண்டாம்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு மல்டிமீட்டர், ஸ்க்ரூ டிரைவர் செட், சால்டரிங் அயர்ன், ஈயம் உறிஞ்சும் பம்ப், ஸ்டீல் ஸ்கேல் அல்லது வெர்னியர் காலிப்பர், ஐசோப்ரொபைல் ஆல்கஹால், காது குடையும் பஞ்சுக் குச்சி, ஜிப் போட்ட சின்ன பிளாஸ்டிக் கவர்கள். இவற்றோடு ஒரு சீரிஸ் பல்பு போர்டும் செய்து வைத்துக்கொள்ளுங்கள். பிளக்குக்கும் செட்டுக்கும் நடுவே 60 அல்லது 100 வாட் குண்டு பல்பு ஒன்று தொடரில் வரும்படி வயரிங் செய்தால் போதும். எல்.இ.டி. பல்பு இதற்கு ஆகாது. போர்டின் பயன் கடைசியில் தெரியும். கரண்ட் வேலை பழக்கமில்லை என்றால் எலக்ட்ரீசியன் ஒருவரிடம் சொல்லிச் செய்து வாங்குங்கள்.

1. பார்ட்தான் போயிருக்கிறதா என்று முதலில் உறுதி செய்யுங்கள்

புதியவர்கள் அதிகம் தடுக்கி விழுவது இங்கேதான். மோட்டார் போய்விட்டது என்று முடிவு கட்டி மோட்டார் தேடி அலைவார்கள். பெல்ட் அறுந்தோ உருகியோ கிடக்கும்.

எனவே இந்த வரிசையில் போங்கள். பேட்டரி முனைகளில் பச்சையாகப் பூத்திருந்தால் சுரண்டித் துடையுங்கள். பியூஸைப் பாருங்கள். அடாப்டர் வோல்ட்டேஜை மீட்டரில் அளந்து பாருங்கள். வால்யூம் திருகும்போது கரகரவென்றால், கான்டாக்ட் கிளீனர் அடித்து இருபது முப்பது தடவை திருகினாலே பெரும்பாலும் சரியாகிவிடும். சத்தம் மங்கலாக வந்தால், டேப்பைப் படிக்கும் ஹெட்டை ஆல்கஹாலில் துடையுங்கள். சிடி பிளேயர் தட்டைப் படிக்கவில்லை என்றால் லென்ஸை மெதுவாகத் துடைத்துப் பார்க்காமல் பிக்கப் (லென்ஸும் லேசரும் சேர்ந்த பாகம்) வாங்கப் போகாதீர்கள்.

அடாப்டரைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பழைய ஜப்பானியச் செட்டுகள் பலவற்றில் பின்னின் நடுவில் மைனஸ், வெளியே பிளஸ். இன்று கடையில் கிடைக்கும் அடாப்டர்கள் பெரும்பாலும் இதற்கு நேர் எதிர். செட்டின் பின்பக்கம் அச்சிட்டிருக்கும் வட்டப் படத்தைப் பார்க்காமல் செருகினால், அதுவரை நன்றாக இருந்த ஐ.சி.யும் போகும். அமெரிக்காவிலிருந்து வந்த செட்டு 120 வோல்ட்டுக்கும், ஜப்பான் உள்நாட்டுச் செட்டு 100 வோல்ட்டுக்கும் செய்தது. நம் ஊர் 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் டிரான்ஸ்பார்மர் புகையும். பின்னால் வோல்ட்டேஜ் மாற்றும் சுவிட்ச் இருக்கிறதா, அது எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்த்த பிறகுதான் பிளக்கைத் தொட வேண்டும்.

2. கழற்றும்போதே பதிவு செய்யுங்கள்

மூடியைத் திறந்ததும் முதல் வேலை போட்டோ. பிறகு ஒவ்வொரு வயரையும் எடுக்கும் முன் ஒன்று. பெல்ட் எந்தப் புல்லியை (பெல்ட் ஓடும் சக்கரம்) சுற்றி எப்படிப் போகிறது என்பதற்குத் தனியாக ஒரு படம் வேண்டும். இரண்டு பெல்ட் இருக்கும் டெக்கில் (கேசட்டைச் சுற்றும் பகுதி) இந்தப் படம் இல்லாமல் திரும்பப் பூட்டுவது பெரும் தலைவலி.

ஸ்க்ரூக்களைக் கழற்றிய இடவாரியாகத் தனித்தனிக் கவரில் போடுங்கள். ஒரே மாதிரி தெரிந்தாலும் நீளம் மாறும். நீளமான ஸ்க்ரூவைத் தவறான ஓட்டையில் முடுக்கினால் போர்டில் குத்தும்.

பழைய பார்ட்டைத் தூக்கி எறியவே கூடாது. அறுந்த பெல்டாக இருந்தாலும், வெடித்த ஐ.சி.யாக இருந்தாலும், அதுதான் கடையில் காட்டப்போகும் அடையாள அட்டை.

3. நம்பரை முழுசாகப் படியுங்கள்

டிரான்சிஸ்டர், ஐ.சி. மேல் இருக்கும் எழுத்துகள் மங்கியிருந்தால், டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து மொபைலில் பெரிதாக்கிப் பாருங்கள். அப்போதும் தெரியவில்லையா, சாக்பீஸ் தூளை லேசாகத் தடவித் துடைத்தால் எழுத்து எழும்பி வரும்.

ஜப்பானிய டிரான்சிஸ்டரில் பெரும்பாலும் முழு நம்பரை அச்சிட மாட்டார்கள். சி1815 என்று மட்டும் இருந்தால் முழுப்பெயர் 2எஸ்சி1815. ஏ1015 என்றால் 2எஸ்ஏ1015. டி313 என்றால் 2எஸ்டி313. டேட்டாஷீட் (தயாரிப்பாளர் தரும் விவரத்தாள்) தேடும்போது முன்னால் 2எஸ் சேர்த்துத் தேடினால்தான் சரியான தாள் கையில் வரும்.

கடைசி எழுத்தை விட்டுவிடாதீர்கள். நான் பார்த்த வரையில் ஆட்கள் பணத்தை வீணாக்குவது பெரும்பாலும் இந்தக் கடைசி எழுத்தில்தான். டிடிஏ2822 என்பது பதினாறு கால் ஐ.சி. அதன் பின்னால் ஒரு எம் சேர்ந்து டிடிஏ2822எம் ஆனால் எட்டுக் கால். ஒன்றின் இடத்தில் மற்றது உட்காரவே உட்காராது. டிடிஏ2030 தாங்குவது அதிகபட்சம் பிளஸ் பக்கம் 18, மைனஸ் பக்கம் 18 வோல்ட் சப்ளை. டிடிஏ2030ஏ இரு பக்கமும் 22 வோல்ட் வரை தாங்கும். ஏ இல்லாததன் இடத்தில் ஏ உள்ளதைப் போடலாம். மாற்றிப் போட்டால், சப்ளை வோல்ட்டேஜ் அதிகமுள்ள ஆம்ப்ளிபயரில் சுவிட்ச் போட்டதுமே போய்விடும்.

சிடி பிக்கப்பிலும் இதே கதைதான். சான்யோ எஸ்எப்-பி101என் என்ற ஒரே பெயரில் 15 பின் ஒன்று, 16 பின் ஒன்று என்று இரண்டு ரகம் உண்டு. பட்டை வயரின் பின்களை எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள்.

4. நம்பரே இல்லாத பார்ட்டுகளை அளந்து குறியுங்கள்

டேப் ரெக்கார்டரில் முதலில் போவது ரப்பர். ரப்பரில் நம்பர் இருக்காது.

பெல்ட்: பழைய பெல்ட் தளர்ந்து நீண்டிருக்கும் என்பதால் அதை அப்படியே அளந்து அதே அளவில் வாங்கினால் புதியதும் வழுக்கும். பெல்ட் போகும் வழியில் ஒரு நூலை இறுக்கமாகச் சுற்றி அந்த நீளத்தை அளந்து, அதில் ஐந்திலிருந்து எட்டு சதவீதம் கழியுங்கள். நூல் 200 மில்லிமீட்டர் வந்தால் 185 முதல் 190 வரை உள்ள பெல்ட் சரி. சில கடைகளில் உள்சுற்றளவைக் கேட்பார்கள், சில இடங்களில் விட்டம், சிலர் மடித்துப் பிடித்த நீளம். சுற்றளவை 3.14 ஆல் வகுத்தால் விட்டம். மடித்த நீளம் சுற்றளவில் பாதி. 188 மில்லிமீட்டர் சுற்றளவு என்பது ஏறக்குறைய 60 விட்டம், 94 மடிப்பு நீளம். எந்தக் கணக்கில் கேட்டாலும் சொல்லத் தயாராகப் போங்கள். சதுரமா, பட்டையா என்பதையும், தடிமனையும் சேர்த்து எழுதுங்கள். ரொம்ப இறுக்கமான பெல்டும் ஆகாது. மோட்டார் தாங்கு புஷ் தேய்ந்து, பாட்டின் வேகம் ஏறி இறங்கி அலையும்.

பழைய பெல்ட் தாராக உருகிப் புல்லியில் ஒட்டியிருந்தால், ஆல்கஹாலில் ஊற வைத்து ஒரு துளி மிச்சமில்லாமல் துடைத்தெடுங்கள். அந்தப் பிசின் மேல் புது பெல்ட் போட்டால் அதுவும் ஒட்டிக்கொண்டு தாவித்தாவிச் சுற்றும்.

ரப்பர் ரோலர் (டேப்பை அழுத்தி இழுப்பது): வெளிவிட்டம், அகலம், நடு ஓட்டையின் விட்டம் ஆகிய மூன்றும் வேண்டும். மேற்பரப்பு கண்ணாடி மாதிரி பளபளத்தால் மாற்றும் முன் ஆல்கஹால் போட்டுத் துடைத்துப் பாருங்கள். நுண்ணிய உப்புத்தாளால் ஒரே சீராக லேசாகத் தேய்த்தால் சிலது மீண்டும் பிடிக்கும். வெடிப்பு விட்டிருந்தால் மாற்றத்தான் வேண்டும்.

மோட்டார்: வோல்ட்டேஜ் 6, 9, 12 என்று எது, சுற்றும் திசை எது, வயர் இரண்டா நான்கா. இவை பெரும்பாலும் மோட்டார் உடம்பிலேயே அச்சிட்டிருக்கும். திசைக்கு சிடபிள்யூ என்றால் கடிகாரச் சுற்று, சிசிடபிள்யூ என்றால் எதிர்ச்சுற்று. "வயரை மாற்றிக் கொடுத்தால் எதிர்ப்பக்கம் சுற்றிவிடும்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். டெக் மோட்டாருக்குள் வேகத்தை நிலைநிறுத்தும் சின்ன சர்க்யூட் இருக்கிறது. பிளஸ் மைனஸ் மாறினால் அது போய்விடும். நான்கு வயர் இருந்தால் அது பெரும்பாலும் ஹை-ஸ்பீடு டப்பிங் உள்ள இரட்டை டெக்கின் இருவேக மோட்டார். புல்லியின் விட்டத்தையும் அளந்து வையுங்கள். புது மோட்டாரோடு வரும் புல்லி ஒரு மில்லிமீட்டர் பெரிதாக இருந்தாலும் பாட்டு வேகமாக ஓடத் தொடங்கிவிடும். முடிந்தால் பழைய புல்லியைக் கழற்றிப் புதிய மோட்டாரில் போடுவதே நல்லது.

வால்யூம் கண்ட்ரோல்: மதிப்பு, கால்களின் எண்ணிக்கை, தண்டின் நீளமும் வடிவமும். ஏ, பி என்ற எழுத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஜப்பானிய வழக்கில் ஏ என்றால் லாக் (முதலில் மெதுவாகவும் பிறகு வேகமாகவும் ஏறும் ரகம்), பி என்றால் லீனியர் (ஒரே சீராக ஏறும் ரகம்). பழைய ஐரோப்பிய செட்டுகளில் இது தலைகீழ். எழுத்தை நம்பாமல் மீட்டரை நம்புங்கள். குமிழை நடுவில் நிறுத்தி, நடுக்காலுக்கும் ஓரக்காலுக்கும் இடையே அளந்தால் லீனியரில் இரு பக்கமும் ஏறத்தாழப் பாதிப் பாதி வரும். லாக் என்றால் ஒரு பக்கம் மொத்தத்தில் பத்துப் பதினைந்து சதவீதம்தான் காட்டும். வால்யூமுக்கு லீனியரை வாங்கிப் போட்டால், கொஞ்சம் திருகியதுமே வீடே அதிரும். அதற்கு மேல் திருகினால் மாற்றமே தெரியாது. ஸ்டீரியோவில் ஆறு காலுக்குப் பதில் எட்டுக் கால் இருந்தால் லவுட்னஸுக்கான (குறைந்த வால்யூமில் பாஸ் சத்தத்தைத் தூக்கிக் காட்டும் வசதி) கூடுதல் கால்கள் அவை. அந்த ரகம் அரிதாகத்தான் கிடைக்கிறது. ஆறு கால் ரகத்தைப் போட்டு லவுட்னஸ் வசதியை மட்டும் விட்டுவிடலாம்.

5. சர்வீஸ் மேனுவலைத் தேடுங்கள்

பார்ட் கருகி நம்பரே தெரியாதபோது இது ஒன்றுதான் வழி. மாடல் நம்பர் முகப்பில் இருப்பதைவிட, அடிப்பக்கமோ பேட்டரி அறைக்குள்ளோ ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் முழுசாக இருக்கும். ஹைஃபை எஞ்சின், எலெக்ட்ரோதான்யா, இன்டர்நெட் ஆர்க்கைவ் ஆகிய தளங்களில் ஏராளமான மேனுவல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. பழைய ரேடியோவுக்கு ரேடியோமியூசியம் தளம்.

இந்தியாவில் விற்ற மாடலுக்கு மேனுவல் கிடைக்காமல் போவது சகஜம். அப்போது செட்டில் உள்ள பிரதான ஐ.சி.யின் டேட்டாஷீட்டை எடுங்கள். அதில் தயாரிப்பாளரே தரும் மாதிரி சர்க்யூட்டைத்தான் பல கம்பெனிகள் ஏறக்குறைய அப்படியே போட்டிருப்பார்கள். ஸ்டீரியோ செட்டாக இருந்தால் இன்னும் சுலபம்: இடது பக்கம் கருகியிருந்தால் வலது பக்கத்தில் அதே இடத்தில் இருப்பதைப் பார்த்து எழுதிக்கொள்ளலாம்.

6. மாற்று நம்பரையும் எழுதிக்கொள்ளுங்கள்

கடையில் உங்கள் நம்பர் இல்லை என்றதும் வெறுங்கையோடு திரும்பக் கூடாது. ஒவ்வொரு பார்ட்டுக்கும் இரண்டு மாற்றுகளாவது தாளில் இருக்க வேண்டும்.

பழைய இந்தியச் செட்டுகளில் நிறையக் காணும் பிசி148 டிரான்சிஸ்டருக்குப் பதில் பிசி548, பிசி158க்குப் பிசி558, பிஎப்194க்குப் பிஎப்494 போடலாம். ஆனால் உடம்பின் வடிவம் வேறு என்பதால் கால் வரிசையை டேட்டாஷீட்டில் பார்த்துத்தான் செருக வேண்டும். பிசி547ஐத் தட்டைப் பக்கம் நம்மைப் பார்க்கப் பிடித்தால் இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர். சி1815இல் எமிட்டர், கலெக்டர், பேஸ். மதிப்பு பொருந்தினால் போதும் என்று நினைத்து அப்படியே செருகிவிட்டு, "மாற்று வேலை செய்யவில்லை" என்று சொல்பவர்கள் அதிகம்.

எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டருக்கு விதி எளிது: மைக்ரோஃபாரட் அதேதான், வோல்ட்டேஜ் அதே அல்லது அதற்கு மேல், வெப்ப அளவு 85 டிகிரிக்குப் பதில் 105 கிடைத்தால் நல்லது. உயரத்தையும் கால் இடைவெளியையும் பாருங்கள். மூடி மூட வேண்டுமே. ஸ்பீக்கர் பெட்டிக்குள் இருப்பது பிளஸ் மைனஸ் இல்லாத பைபோலார் ரகம், அதன் இடத்தில் சாதாரணமானதைப் போடக்கூடாது.

7. எங்கே தேடுவது

சென்னையில் அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவும் அதையடுத்த நரசிங்கபுரம் தெருவும்தான் முதல் இடம். பெங்களூரில் எஸ்.பி. ரோடு, மும்பையில் லேமிங்டன் ரோடு, டெல்லியில் லஜ்பத் ராய் மார்க்கெட். ரிச்சி தெருவில் முகப்புக் கடைகள் பலவும் இன்று கம்ப்யூட்டர், கேமரா, மொபைல் சாமான்கள் விற்பவை. ஐ.சி., டிரான்சிஸ்டர் விற்கும் கடைகள் உள் சந்துகளிலும் மாடிகளிலும் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், பெரும்பாலானவை மூடியிருக்கும். கூட்டம் ஏறும் மாலை நேரத்தில் பத்து ரூபாய் சாமானுக்கு யாரும் டிராயரைத் துழாவ மாட்டார்கள். முற்பகலே நல்லது.

இன்றும் உற்பத்தியில் இருக்கும் கெப்பாசிட்டர், ரெசிஸ்டர், ரெகுலேட்டர் போன்றவற்றுக்கு மௌசர், டிஜிகீ, எலிமென்ட்14 போன்ற ஆன்லைன் நிறுவனங்கள் நம்பகமானவை. அங்கே போலி வராது. தபால் செலவு அதிகம் என்பதால் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே ஆர்டராகப் போடுங்கள்.

மூன்றாவது இடம் உங்கள் ஊர் ரிப்பேர் கடைதான். முப்பது வருஷமாகக் கடை வைத்திருப்பவரின் மேல் தட்டில், யாரும் திரும்ப வாங்க வராத செட்டுகள் தூசி படிந்து நிற்கும். மரியாதையாகக் கேட்டால் மோட்டாரையோ ஹெட்டையோ கழற்றித் தருவார். காயலான் கடையிலும் முழுச் செட்டு கிடைக்கும். அங்கே உங்கள் மாடலையே தேட வேண்டியதில்லை, டெக் மெக்கானிசம் ஒன்றாக இருந்தால் போதும். பட்டன் வரிசை, ஹெட்டின் இருப்பிடம், ஸ்க்ரூ ஓட்டைகள் உங்கள் போட்டோவோடு ஒத்துப்போனால் பெயர் எதுவாக இருந்தாலும் வாங்கலாம்.

8. கடையில் பேசும் விதமும் போலியைக் கண்டுபிடிப்பதும்

"அண்ணே, எல்ஏ4440 ஒண்ணு வேணும்."

"ஒரிஜினலா, காப்பியா?"

இந்தக் கேள்வியைக் கேட்கும் கடைக்காரர் நல்லவர். விலை வித்தியாசத்தை அவரே சொல்வார். சின்ன ரேடியோவுக்குக் காப்பி போதும். பெரிய ஆம்ப்ளிபயருக்கு வேண்டாம்.

அதிகம் போலி வருவது சான்யோ செய்த எஸ்டிகே வரிசை ஆம்ப்ளிபயர் மாட்யூல்களிலும் 2என்3055 போன்ற பவர் டிரான்சிஸ்டர்களிலும்தான். சான்யோவின் செமிகண்டக்டர் பிரிவை ஆன் செமிகண்டக்டர் 2011இல் வாங்கிவிட்டது. ஆகவே "புது லாட், சான்யோ ஒரிஜினல்" என்று எஸ்டிகே நீட்டினால் சந்தேகப்படுங்கள். பஞ்சில் தின்னர் தொட்டு எழுத்தின் மேல் தேய்த்தால், மறு அச்சு பல நேரம் அழிந்துவிடும். கால்களில் பழைய ஈயத்தின் தடம், ஒரே உயரத்தில் வெட்டிய முனை, ஸ்க்ரூ போடும் இடத்தில் கீறல் இருந்தால் அது வேறு செட்டிலிருந்து கழற்றியது. கழற்றியது என்பதாலேயே ஒதுக்க வேண்டாம். பழைய ஒரிஜினல், புதுப் போலியை விட எவ்வளவோ மேல். பழையது என்று சொல்லி விற்றால் வாங்குங்கள், புதியது என்று விற்றால் நகருங்கள்.

விலை மலிவானவற்றை இரண்டாக வாங்குங்கள். பெல்ட் என்றால் ஒரு சைஸ் கீழே ஒன்று, சரி சைஸில் ஒன்று.

9. பொருத்தும் முன்பும் பின்பும்

மோட்டாரைப் பூட்டும் முன் பேட்டரியில் தனியாகச் சுற்ற விட்டுத் திசையைப் பாருங்கள். கெப்பாசிட்டரின் மைனஸ் பட்டையைப் போர்டின் குறியோடு ஒப்பிடுங்கள். பவர் ஐ.சி.க்கும், சூட்டை இழுக்கும் உலோகத் தகடான ஹீட்சிங்க்குக்கும் நடுவே இருந்த மைக்கா தகடு, புஷ், வெள்ளைப் பேஸ்ட் ஆகியவற்றைத் திரும்ப வைத்தீர்களா என்று பாருங்கள். மைக்காவை மறந்தால் ஷார்ட், பேஸ்ட்டை மறந்தால் சூடு. புதிய சோனி கேஎஸ்எஸ்-213சி போன்ற பிக்கப்பில் லேசரைக் காப்பாற்ற ஒரு துளி ஈயம் ஷார்ட்டாக வைத்திருப்பார்கள். பட்டை வயரைச் செருகிய பிறகுதான் அதை எடுக்க வேண்டும். எடுக்க மறந்துவிட்டுப் பிக்கப் மோசம் என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறவர்களும் உண்டு.

இப்போது சீரிஸ் பல்பு. ஆம்ப்ளிபயரை அதன் வழியாக ஆன் செய்தால் பல்பு ஒரு கணம் பளிச்சிட்டு மங்க வேண்டும். மங்காமல் முழு வெளிச்சத்தில் நின்றால் உள்ளே இன்னும் ஷார்ட் இருக்கிறது, உடனே அணையுங்கள். ஐ.சி. போனதற்கான காரணம் வேறு இடத்தில் இருக்கும்போது நேராகப் பிளக்கில் செருகினால், தேடி அலைந்து வாங்கிய ஐ.சி.யும் முதல் நொடியிலேயே போகும். பல்பு மங்கினால், ஸ்பீக்கரை மாட்டும் முன் அதன் முனைகளில் டிசி வோல்ட் அளந்து பாருங்கள். பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும். சில வோல்ட் காட்டினால் ஸ்பீக்கரை மாட்டாதீர்கள், காயில் எரிந்துவிடும்.

டேப் ரெக்கார்டரில் கடைசி வேலை வேகம். கேசட்டின் நிலையான வேகம் நொடிக்கு 4.76 சென்டிமீட்டர். பல மோட்டார்களின் பின்பக்கம் ஒரு சின்ன ஓட்டை இருக்கும். உள்ளே வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பிரீசெட் திருகு. 3150 ஹெர்ட்ஸ் பதிவான டெஸ்ட் கேசட் இருந்தால் மொபைலில் அதிர்வெண் காட்டும் ஆப் வைத்துச் சரிபார்க்கலாம். டெஸ்ட் கேசட் இல்லை என்றால் கம்பெனி கேசட் ஒன்றில் ஒரு பாட்டின் நீளத்தை, அதே பாட்டின் சிடி நீளத்தோடு ஒப்பிடுங்கள். திருகைக் கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் திருப்ப வேண்டாம்.

10. கிடைக்கவே கிடைக்காதவை

கம்பெனி தனக்கென்று செய்துகொண்ட கன்ட்ரோல் ஐ.சி., டிஸ்ப்ளே, பட்டன் முகப்பு, டயல் கண்ணாடி ஆகியவற்றைத் தனியாகத் தேடி நேரத்தைச் செலவழிக்காதீர்கள். அதே மாடலில் ஓடாத செட்டு ஒன்றை வாங்குவதுதான் வழி. வாங்கும்போது உங்களுக்கு வேண்டிய அந்த ஒரு பார்ட் அதில் நன்றாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், மற்றதெல்லாம் எப்படி இருந்தாலும் பரவாயில்லை. உடைந்த பிளாஸ்டிக் பல்சக்கரத்துக்குப் பற்களை எண்ணி, வெளிவிட்டம், ஓட்டை, தடிமன் ஆகியவற்றை அளந்து கொடுத்தால் 3டி பிரின்ட் போடுபவர்கள் செய்து தருவார்கள். உடைந்த துண்டுகளையும் சேர்த்தே கொடுங்கள்.

டெக் மெக்கானிசமே துருப்பிடித்துப் போயிருந்தால், இன்றும் புதிதாக வரும் சீனத் தயாரிப்பு மெக்கானிசத்தைப் போட்டுவிடலாம் என்பார்கள். சாதாரண மோனோ செட்டுக்கு ஓட்டை இடம் பொருந்தினால் சரி, போடுங்கள். நல்ல ஸ்டீரியோ டெக்குக்கு அதைப் போட வேண்டாம். பாட்டு அலைவது காதில் பட்டுக்கொண்டே இருக்கும். அதைவிடக் காயலான் கடையில் இன்னொரு செட்டுக்குக் காத்திருக்கலாம்.